எச்ஐவி மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், வைரல் லோடும் இல்லை. பிறகு ஏன் அண்ணனுக்கு இந்த மறதி?

காஜாபட்டன்:

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்று கேட்க வேண்டி வந்துவிட்டது. ஊர், பேர் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

அண்ணனுக்கு 46 வயது, லேடீஸ் டெய்லர். 2013-இல் காசநோய் வந்து படுத்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எச்ஐவி இருப்பதும் தெரிந்தது. அப்போது சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை, வெறும் 64. பிழைக்க மாட்டார் என்றே நினைத்தோம். ஆனால் ஏஆர்டி என்ற எச்ஐவி மருந்து தொடங்கியதிலிருந்து ஒரு வேளைகூட விட்டதில்லை, 2021 வாக்கில் டிஎல்டி என்ற கூட்டு மாத்திரைக்கு மாற்றினார்கள், போன மூன்று வருட வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமி அளவு) ரிப்போர்ட்டிலும் டிஎன்டி, அதாவது கிருமி தென்படவில்லை. சிடி4 இப்போது 500-க்கு மேல். சுகர் இருக்கிறது, ஐந்தாறு வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார்.

பிரச்சினை இதுதான். ஆறேழு மாதமாக ஆள் வேறு மாதிரி இருக்கிறார். கை வேலை அப்படியே இருக்கிறது, கண்ணைக் கட்டிவிட்டாலும் பாபின் மாட்டிவிடுவார். ஆனால் ஒரு அம்மா பெண் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த பட்டுத் துணியை, பக்கத்துப் பையில் இருந்த வேறொருவருடைய அளவு ரவிக்கையை வைத்து வெட்டிவிட்டார். 40 வர வேண்டியது 36. இருபத்தைந்து வருடத்தில் அவர் இப்படிச் செய்ததே இல்லை. துணிக்காசு கொடுத்துச் சமாளித்தோம், அது போகட்டும். ஆனால் அன்றைக்குப் பூராவும் அந்த ரெண்டு பைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அது மனதை விட்டுப் போகவில்லை. பேச்சும் மெதுவாகிவிட்டது. கேள்வி கேட்டால் பதில் வருகிறது, ஆனால் ஒரு நொடி கழித்து வருகிறது.

மருந்து வாங்கும் இடத்தில் கேட்டதற்கு, "வயசாகுது இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 46 ஒரு வயதா? நானே தேடிப் படித்ததில், எச்ஐவி மூளையின் தடுப்புச் சுவரையே தாண்டி உள்ளே போய்விடும் என்று இருந்தது. ரத்தத்திலேயே இல்லாத கிருமி மூளையில் மட்டும் எப்படி இருக்கும்? உண்மையா? பரிசோதித்துப் பார்க்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

தம்பி, நான் டாக்டர் இல்லை, ஆய்வகத்தில் ரத்தக்குழாய் செல்களை வளர்த்துப் பார்க்கிற வேலை. வைத்தியத்தை மற்றவர்கள் சொல்லட்டும், அந்தச் சுவர் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன்.

சுவர் என்றதும் மூளையைச் சுற்றி ஏதோ மதில் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மூளைக்குள் ஓடுகிற நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்புறச் செல்களே அந்தச் சுவர். ஒரு மனித மூளைக்குள் இருக்கிற தந்துகிகளை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்பார்கள், அதாவது சென்னையில் பிடித்தால் ஏறக்குறைய திருநெல்வேலி வரை. அத்தனை தூரத்துக்கும் காவல்.

உங்கள் அண்ணன் தொழிலை வைத்தே சொல்கிறேன், புரியும். உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக்குழாய் செல்கள் ஓட்டுத்தையல் போட்ட மாதிரி சேர்ந்திருக்கும், சந்துகளில் இது அது கசிந்து போகும், போகவும் வேண்டும். மூளையில் மட்டும் ஓவர்லாக் அடித்துவிட்டு அதன் மேல் இன்னொரு தையலும் போட்ட மாதிரி இருக்கும். அந்தத் தையலுக்கு நூல், கிளாடின்-5, ஆக்ளூடின் என்கிற புரதங்கள். வெளிப்பக்கம் பெரிசைட் என்ற செல்கள் கட்டிப்பிடித்திருக்கும், அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் பாதத்தை வைத்து அழுத்தியிருக்கும். இத்தனைக்கும் மேல், தப்பித் தவறி உள்ளே நுழைந்த பொருளைப் பிடித்துத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடுகிற பம்புகள் வேறு. பி-கிளைகோபுரோட்டீன் என்று ஒன்று, அது எச்ஐவி மருந்துகள் சிலவற்றையும் அப்படித்தான் வெளியே தள்ளும். கிருமி உள்ளே, மருந்து வெளியே. கொடுமைதான்.

இப்படி ஒரு தடுப்பு இருப்பதற்கான முதல் தடயம் 1885-இல் கிடைத்தது. பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார், எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளையைத் தவிர. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். பிறகு அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-இல் அதே வேலையைத் தலைகீழாகச் செய்தார், சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார். இப்போது மூளை மட்டும் நீலமானது, மற்ற உடம்பு மாறவில்லை. மூளையில் சாயம் நன்றாகவே ஒட்டும், ரத்தத்திலிருந்து உள்ளே விடத்தான் ஏதோ மறுக்கிறது என்று அதில் தெரிந்தது.

இனி எச்ஐவி. தனியாக வருகிற வைரஸுக்கு இந்தச் சுவரைத் தாண்டுவது கஷ்டம். அதனால் அது செல்லுக்குள் ஏறிக்கொண்டு வருகிறது. அப்பார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி புது ஆளை நிறுத்துவார், ஆனால் குடியிருப்பவரின் காருக்கு சல்யூட் அடித்துத் திறந்துவிடுவார் இல்லையா, அந்தக் காரின் பின்சீட்டில் திருடன் படுத்திருந்தால்? மோனோசைட் என்கிற வெள்ளையணுக்கள் காவல் பணிக்காக மூளைக்குள் போய்வர அனுமதி உள்ளவை. எச்ஐவி அவற்றைத் தொற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. உள்ளே போன பிறகு அந்த இடத்திலிருந்து சிசிஎல்2 என்ற ரசாயன அழைப்பு கிளம்பும், அது இன்னும் மோனோசைட்டுகளை வரவழைக்கும், அவற்றிலும் சிலவற்றில் வைரஸ் இருக்கும். வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

இது நோய் முற்றிய பிறகு நடப்பது என்று நினைக்காதீர்கள். பாங்காக்கில் தொற்று ஏற்பட்டுச் சில நாட்களே ஆனவர்களைத் தேடிப் பிடித்து முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், 2012-இல் வெளிவந்த ஆய்வு. 18 பேரில் 15 பேருடைய நீரில் வைரஸ் இருந்தது, ஒருவருக்கு மதிப்பிட்ட தொற்று நாளிலிருந்து எட்டாவது நாளிலேயே. அதாவது ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் காட்டுவதற்கு முன்பே மூளையின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

உள்ளே போனதும் நரம்பு செல்லைத் தொற்றும் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. நியூரானை அது தொற்றுவதில்லை. மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் செல்கள், ரத்தக்குழாயை ஒட்டி வாழும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள், இவைதான் அதன் வீடு. நியூரான் அடிபடுவது பக்கத்து வீட்டுச் சண்டையில். தொற்றிய செல்களிலிருந்து டாட், ஜிபி120 என்ற வைரஸ் புரதங்கள் வெளியே கசியும். அவை நியூரான்களை அளவுக்கு மீறித் தூண்டிவிட்டுக் களைக்கச் செய்யும், நான் மேலே சொன்ன தையல் நூல்களையும் குறைக்கும். சுவர் கசிந்தால் ரத்தத்தில் இருக்கிற அழற்சிப் பொருள்களும் உள்ளே வரும். இதில் குடலுக்கும் பங்கு உண்டு, எச்ஐவி ஆரம்பத்திலேயே குடல் சுவரின் சிடி4 செல்களை அழித்துவிடுவதால் பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து மோனோசைட்டுகளை உசுப்பிக்கொண்டே இருக்கும், உசுப்பேறிய மோனோசைட் இன்னும் அதிகமாக மூளைக்குள் போகும்.

கசிவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆல்புமின் கல்லீரலில் தயாராகிற புரதம், மூளை அதைச் செய்வதில்லை. முதுகுத்தண்டு நீரில் அது ரத்தத்தோடு ஒப்பிடும்போது அளவுக்கு மேல் இருந்தால் சுவர் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

ரத்தத்தில் இல்லாதது மூளையில் எப்படி என்று கேட்டீர்கள். டிஎன்டி என்றால் அந்த டெஸ்டுக்கு எட்டுகிற அளவில் ரத்தத்தில் இல்லை என்றுதான் பொருள். மைக்ரோகிளியா பல ஆண்டுகள் உயிரோடு இருக்கிற செல், அதன் மரபணுவுக்குள் வைரஸ் தூங்கிக்கொண்டு இருக்கலாம். தூங்கினால் பெரும்பாலும் தொந்தரவில்லை. எழுந்து பிரதி எடுக்கத் தொடங்கினால்தான் பிரச்சினை, அது மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்களிடம் அபூர்வம்.

மூலிகைமைந்தன்:

இதெல்லாம் ஆங்கில மருந்தின் நஞ்சு. மாத்திரையை மூன்று மாதம் நிறுத்திவிட்டு நான் சொல்லும் சூரணம் எடுக்கச் சொல்லுங்கள், மூளை தெளியும், கிருமியும் போகும். தனிச்செய்தியில் வரவும்.

வெள்ளைகோட்:

காஜாபட்டன், மேலே சூரணம் என்று சொன்னவரிடம் போகாதீர்கள் என்று சொல்லத்தான் நான் லாகின் செய்தேன்.

நான் மைக்ரோபயாலஜி லேப் டெக்னீஷியன். இதே மாதிரி யாரோ சொன்னதைக் கேட்டு ஏழு மாதம் மாத்திரையை நிறுத்தின ஒருவருடைய முதுகுத்தண்டு நீர் என் மேஜைக்கு வந்தது. ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்தில் இந்தியா இங்க், அதுதான் கறுப்பு மை, ஒரு சொட்டு வைத்துக் கலந்து பார்ப்போம். பார்வை முழுக்கக் கறுப்பாக இருக்கும், அந்தக் கறுப்பில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மட்டும் மையை நெருங்கவிடாமல் ஒளிவட்டம் போட்டுக்கொண்டு நிற்கும். அழகாகக்கூட இருக்கும், சொல்லவே சங்கடமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு ஃபீல்டில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கிற சாதாரணப் பூஞ்சை அது. சிடி4 நூறுக்குக் கீழே போனவரிடம் நுரையீரல் வழியாக நுழைந்து மூளை உறை வரை போய்விடும், அதுவும் நுண்ணோக்கி அக்கா சொன்ன அதே பின்சீட்டு வித்தையை மேக்ரோஃபேஜுக்குள் இருந்துகொண்டு செய்யும் என்கிறார்கள்.

மூளை உறையில் வரும் காசநோயான டிபி மெனிஞ்சைடிஸ், மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயான டாக்ஸோ என்று வரிசையாக இருக்கிறது. அதையெல்லாம் தள்ளி நிறுத்தியிருப்பது அந்த ஒரு மாத்திரை. சூரணக்காரரைப் பற்றி நிர்வாகிகளுக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.

இருபதாண்டு:

காஜாபட்டன் தம்பி, நான் 2004-இலிருந்து மாத்திரை போடுகிறவன். அந்த ஏப்ரலில் அரசு இலவசமாக ஏஆர்டி கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரத்தில் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால் உங்கள் அண்ணன் இடத்திலிருந்து கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து ஸ்டாவுடின் என் கன்னத்தைக் குழியாக்கி, பாதத்தை மரத்துப்போக வைத்தது, இன்றைக்கும் செருப்பு கழன்றால் தெரியாது. பிறகு டிஎல்இ வந்தது. அதில் இருந்த எஃபவிரன்ஸ் ராத்திரியில் சினிமா காட்டும். நான் செத்துப்போன என் அப்பாவோடு மூன்று வருடம் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன், கனவில்தான். காலையில் எழுந்தால் தலை பஞ்சுமாதிரி. அதையெல்லாம் மூளை போய்விட்டது என்றே நினைத்தேன், டிஎல்டிக்கு மாற்றின பிறகு ஒரு மாதத்தில் தெளிந்தது. ஆக, மருந்தாலும் மந்தம் வரும். டிஎல்டியிலும் சிலருக்குத் தூக்கம் போகும், அப்படி இருந்தால் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று ஏஆர்டி மையத்து ஆலோசகரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

எனக்கும் பெயர்கள் மறக்கின்றன. ஆனால் அது பல வருடமாக அதே அளவில் இருக்கிறது. நான் புரிந்துகொண்டது, மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் சிடி4 ரொம்பக் கீழே போயிருந்த காலத்தில் பட்ட அடி தழும்பாக நிற்கிறது. தழும்பு வளராது. உங்கள் அண்ணனுக்கோ 2013-லிருந்து நன்றாக இருந்துவிட்டு ஆறு மாதத்தில் மாறியிருக்கிறது என்கிறீர்கள். அது தழும்பு மாதிரி தெரியவில்லை. புதிதாக எதுவோ நடக்கிறது, அதைத் தேடுங்கள்.

இன்னொன்று. அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? எனக்கு 2015-இல் இதே மாதிரி மறதி வந்து ஊரெல்லாம் ஸ்கேன் எடுத்தேன், கடைசியில் அது மனச்சோர்வு.

ராத்திரிடியூட்டி:

பொது மருத்துவம் பார்க்கிறேன், எச்ஐவி நோயாளிகள் நிறையப் பேர். இருபதாண்டு அண்ணன் நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டார். "வயசாகுது" என்று அனுப்பினது சரியில்லை, ஆனால் நீங்கள் நேராக "மூளைக்குள் வைரஸ்" என்று போனதும் அவசரம்.

முதலில் கணக்கு. மருந்து வருவதற்கு முன்னால் எய்ட்ஸ் முற்றியவர்களில் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு டிமென்ஷியா, அதாவது அறிவே மங்கிப்போகிற நோய், வரை போனது. நடை தள்ளாடி, பேச்சு நின்று, சில மாதத்தில் ஆள் போய்விடுவார். மருந்து வந்த பிறகு அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது, அதில் அந்தக் கடுமையான டிமென்ஷியா 2 சதவீதம்தான். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேர் டெஸ்டில் ஏதோ ஒரு விதத்தில் மார்க் குறைந்தவர்கள். அந்தப் பாதி என்ற எண்தான் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அதில் பெரும்பகுதியினருக்கு அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை, பேப்பரில் மட்டும் குறைவு. ஆரோக்கியமானவர்களை உட்கார வைத்து ஏழெட்டு டெஸ்ட் கொடுத்தாலும் ரெண்டில் தவறுகிறவர்கள் கணிசமாக இருப்பார்கள். படிப்பு, பதற்றம், தூக்கம் எல்லாம் அதில் கலக்கும். 2023-இல் இந்தத் துறையின் சர்வதேசக் குழு ஒன்றே, மார்க் குறைந்ததை மட்டும் வைத்து மூளைப் பாதிப்பு என்று முத்திரை குத்தாதீர்கள் என்று எழுதிவிட்டது. எனக்கு அது ரொம்பச் சரி என்று படுகிறது. எட்டாவது படித்த டெய்லருக்கு வெளிநாட்டில் தயாரித்த டெஸ்டைக் கொடுத்து ஃபெயில் போடுவது என்ன நியாயம்?

இந்தியாவுக்கு என்று ஒரு தனிக்கதையும் உண்டு. நம் ஊரில் பரவியிருப்பது பெரும்பாலும் சப்டைப் சி என்ற எச்ஐவி வகை. அதன் டாட் புரதத்தில் 31-ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் சீரின் இருக்கிறது, அதனால் மோனோசைட்டுகளை இழுக்கிற சக்தி குறைவு என்று பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு 2004-இல் காட்டியது. நம் நாட்டில் எச்ஐவி டிமென்ஷியா குறைவாகத் தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று அப்போது எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அப்புறம் சென்னையில் நோய் முற்றிய நோயாளிகளை ஒழுங்காக உட்கார வைத்துச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் குறைபாடு இருந்தது, 2006-இல் வந்த ஆய்வு. ஆக, ஓர் அமினோ அமிலம் நம்மைக் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

இப்போது உங்கள் அண்ணன். என்னிடம் வந்திருந்தால் முதலில் கேட்பது பி12. காரணம் மெட்ஃபார்மின். அதை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையும், பி12 குறைந்தால் மறதி, மந்தம், கால் எரிச்சல் எல்லாம் வரும். கூடவே தைராய்டு, சிஃபிலிஸுக்கான விடிஆர்எல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சுகர் தாழ்கிறதா என்பது. மது உண்டா, குறட்டை உண்டா என்றும் கேட்பேன்.

அதைவிட முக்கியமான கேள்வி: சுகர் பார்க்கிற டாக்டருக்கு எச்ஐவி மாத்திரை விஷயம் தெரியுமா? டிஎல்டியில் இருக்கிற டாலுடெக்ராவிர், மெட்ஃபார்மினை உடம்பில் தேக்கிவிடும். அதனால் ரெண்டையும் சேர்த்துப் போடுகிறவருக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. அது தெரியாத டாக்டர் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போவார். கால்சியம், இரும்புச் சத்து, ஜெலுசில் மாதிரியானவற்றையும் டிஎல்டியோடு ஒன்றாக விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது, ரெண்டு மணி நேரம் முன்னால் டிஎல்டியைப் போட்டுவிட வேண்டும்.

இதில் எதுவும் சிக்கவில்லை, அல்லது தலைவலி, நடுக்கம், நடை தள்ளாட்டம், வலிப்பு என்று ஏதாவது சேர்கிறது என்றால் எம்ஆர்ஐ, அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அதில் வைரல் லோடு. ரத்தத்தில் அடங்கியிருந்து அந்த நீரில் மட்டும் வைரஸ் ஓடுகிற நிலை உண்டு, சிஎஸ்எஃப் எஸ்கேப் என்பார்கள். இந்தியாவிலிருந்தே அப்படிப்பட்ட கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன, அதிகமும் ரெண்டாம் வரிசை மருந்தில் அட்டாசனாவிர் மாதிரியானவற்றை எடுத்தவர்களிடம். மருந்தை மாற்றினால் பலர் தேறுகிறார்கள். டிஎல்டியில் ஒழுங்காக இருப்பவரிடம் அது எனக்கு முதல் சந்தேகம் இல்லை, ஆனால் பட்டியலில் இருந்து அடிக்கவும் மாட்டேன்.

வீட்டில் பயமில்லாமல் பார்க்க ஒன்று சொல்கிறேன், இதற்கென்றே 2005-இல் வந்த இன்டர்நேஷனல் எச்ஐவி டிமென்ஷியா ஸ்கேல். நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நான்கு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகட்டி ஐந்து நொடி வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். அடுத்து மேஜையில் முஷ்டி, உள்ளங்கை, கையின் ஓரம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும், பத்து நொடி. கடைசியில் அந்த நான்கு சொல். மொத்தம் 12 மார்க், பத்து அல்லது அதற்குக் கீழே என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் என்று பொருள் இல்லை. மார்க்கை டாக்டரே போடட்டும், நீங்கள் போட்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

காஜாபட்டன்:

சார், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுகர் டாக்டருக்குத் தெரியாது. எங்கள் தெருவிலேயே கிளினிக், கம்பவுண்டர் எங்கள் சொந்தம். பயத்தில் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் 850 காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. 1,700 வருகிறது. உங்கள் பதிலைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது.

ராத்திரிடியூட்டி:

பதற வேண்டாம், சிறுநீரகம் நன்றாக இருந்தால் இன்றைக்கே ஆபத்து என்று இல்லை. நீங்களாகப் பாதியாகவும் குறைக்க வேண்டாம், இந்த வாரமே வேறொரு டாக்டரிடம், எல்லா மாத்திரை அட்டையையும் ஏஆர்டி புத்தகத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வாந்தி, மூச்சு வாங்குவது, அசாத்தியக் களைப்பு என்றால் காத்திருக்காதீர்கள். 2017 எச்ஐவி சட்டப்படி அவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் நோயை வெளியே சொல்லக் கூடாது. நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் தெருவுக்கு வெளியே போகச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம், இலவசம்.

காஜாபட்டன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பக்கத்து ஊரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். பையைக் கொட்டினதும் முதலில் மெட்ஃபார்மின் அட்டையைத்தான் எடுத்தார். 1,000-க்குக் குறைத்து, சுகருக்கு வேறொரு மாத்திரை சேர்த்திருக்கிறார். பி12 வந்தது 142, இருநூறாவது இருக்க வேண்டுமாம். ஊசி நடக்கிறது. தைராய்டு, விடிஆர்எல், கிரியேட்டினின் சரி. எம்ஆர்ஐயில் வெள்ளைப் பகுதியில் லேசான பழைய மாற்றம், புதிதாக எதுவும் தெரியவில்லை என்றார்கள், இருபதாண்டு அண்ணன் சொன்ன தழும்பு அதுதான் போல. மூன்று மாதம் பார்ப்போம், தேறவில்லை அல்லது நடை மாறுகிறது என்றால் முதுகில் நீர் எடுப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த டெஸ்டையும் வைத்தார். விரல் தட்டுவதில் ஐந்து நொடிக்கு 13, கொஞ்சம் குறைவாம். முஷ்டி, உள்ளங்கை, ஓரம் கொஞ்சமும் தடுமாறவில்லை, டாக்டரே "டெய்லர் கை" என்று சிரித்தார். சொல்லில் தொப்பி வந்தது, அவரை வந்தது, சிவப்பு வந்தது. நான்காவது வரவில்லை. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார், எனக்கு வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "ஒரு மிருகம்" என்று டாக்டர் எடுத்துக் கொடுத்ததும் உடனே நாய் என்றார். அதற்கு அரை மார்க். மொத்தம் பத்தரை. குறிப்பு கொடுத்ததும் வருகிறது என்றால் விஷயம் உள்ளே பதிந்திருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் நேரமாகிறது என்று விளக்கினார்.

மனச்சோர்வு பற்றிக் கேட்டபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், காசநோய் வந்த அந்த வருடத்தைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். அதை இங்கே எழுத வேண்டாம்.

கடையில் இப்போது ரெண்டு டோக்கன் போடுகிறார், ஒன்றைத் துணியிலும் இன்னொன்றை அளவு ரவிக்கையிலும் ஊக்கால் குத்திவிடுகிறார், எண் ஒத்துப் போனால்தான் கத்தரியை எடுக்கிறார். ஒரு சந்தேகம், பி12 ஊசி முடிந்த பிறகு அதை மாத்திரையாகத் தொடர வேண்டுமா, வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதுமா?

ராத்திரிடியூட்டி:

மெட்ஃபார்மின் தொடர்கிற வரை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரை வேண்டுமா என்பதை அந்த அளவை வைத்து அந்த டாக்டரே முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து அதே டெஸ்டை அவரே மறுபடி வைக்கட்டும், அதுவரை வீட்டில் நாய், தொப்பி என்று பயிற்சி கொடுத்துவிடாதீர்கள், மார்க் பொய்யாக ஏறிவிடும்.